"அவருக்குத் தெரிய வேண்டாம், சிஸ்டர்"

புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கும் எந்த நர்ஸைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, மகனோ மருமகனோ எங்களை வார்டு வாசலுக்கு வெளியே கூப்பிடுவார். "அப்பாவுக்கு விஷயம் தெரியாது சிஸ்டர். அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம். நீங்க யாரும் சொல்லிடாதீங்க." நோயாளியின் கண்ணில் படக் கூடாதென்று ஃபைலை ஒரு துணிப்பைக்குள் போட்டு, பையைக் கையிலேயே வைத்திருப்பார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடமும் இதே வேண்டுகோள் போகும். ஸ்கேன் எடுக்கிறவரிடமும், ரத்தம் எடுக்க வருகிற பையனிடமும் போகும். கடைசியில் அந்த மனிதரைச் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் அவருடைய நோயின் பெயர் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. தெரியாது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்போம்.

தென் மாவட்டம் ஒன்றில் பல வருடங்களாக இந்த வார்டில்தான் இருக்கிறேன். வாந்திக்கு மருந்து உண்டு, ரத்த அணுக்கள் குறைந்தால் ஊசி உண்டு, வாய்ப்புண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். இந்த மறைப்புக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. அது நோயாளியை என்ன செய்கிறது, அதைத் தினமும் கட்டிக் காக்கிற எங்களை என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

குடும்பத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பயத்தில் செய்கிறார்கள், பாசத்தில் செய்கிறார்கள். "கேட்டா அன்னைக்கே உடைஞ்சு போயிடுவாரு" என்று சொல்லும்போது அந்த மகனே பாதி உடைந்துதான் நிற்பான். ஊர் என்ன பேசும் என்ற கணக்கும் இருக்கிறது. வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால், "அவங்க குடும்பத்துல இந்த நோய் இருக்காம்" என்ற ஒரு பேச்சு போதும். தொற்றாத நோய்தான் என்று எத்தனை முறை சொன்னாலும், தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

இந்தப் பயத்துக்கு வயது அதிகம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் குடல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்துதான் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அது அடையாற்றில் நிஜமானது 1954இல்தான். வந்தால் போக வேண்டியதுதான், இதற்கு எதற்கு ஓர் ஆஸ்பத்திரி என்று படித்தவர்களே நினைத்த காலம். டாக்டர் சாந்தா 1955இல் அங்கே சேர்ந்து, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அதுவே தன் வீடு என்று இருந்தார். அவர் காலத்திலேயே பல புற்றுநோய்கள் குணமாகிற நோய்களாக மாறிவிட்டன. அந்தப் பெயரைக் கேட்டதும் நம் வயிற்றைப் பிசைகிற பயம் மட்டும் அதே வேகத்தில் குறையவில்லை.

சரி, நோயாளிக்கு நிஜமாகவே தெரியாமல் இருக்குமா? ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கைத்தறி நெசவாளர், அறுபதை நெருங்கிய வயது. இரைப்பையில் கட்டி, கல்லீரலுக்குப் பரவிவிட்டது. வழக்கம்போல "வயித்துப் புண்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். மனைவி எந்நேரமும் கூடவே இருப்பார். மகன் திருப்பூரில் வேலை, வாரக் கடைசியில் வருவான். அவர் அதிகம் பேச மாட்டார். ட்ரிப்ஸ் ஏறாத நேரத்தில் போர்வையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பார். எத்தனை இழை, எங்கே அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது என்று விரலே பார்த்துக்கொள்ளும்போல.

ஒரு நைட் டூட்டியில், மனைவி கீழே பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். "தாயி, ஒண்ணு கேக்கறேன். அல்சருக்கு முடி கொட்டுமா?"

அவர் தலையணையில் முடி கிடந்தது. கீமோ ஏற்றினால் முடி கொட்டும் என்று பக்கத்துக் கட்டில்காரர் பேசியதை அவர் கேட்டிருக்கிறார். ஓபிக்கு வரும் வழியில் பெரிய எழுத்தில் போர்டு இருக்கிறது, அதையும் படித்திருக்கிறார். கரண்ட் வைக்கும், அதாவது கதிர்வீச்சு கொடுக்கும், அறைக்கு வெளியே, கழுத்திலும் கன்னத்திலும் மையால் கோடு போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறார். தன்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போவதையும் கவனித்திருக்கிறார்.

"நீங்க என்னன்னு நினைக்கிறீங்க ஐயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கீழே தூங்கும் மனைவியைக் காட்டி, "அவளுக்குத் தெரிய வேணாம் தாயி. தாங்க மாட்டா" என்றார்.

இதே வார்த்தையை அதே வாரத்தில் அந்த அம்மாவும் என்னிடம் சொல்லியிருந்தார், தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவர்கள். பகலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், ராத்திரியில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுவார்கள். இரண்டு பேருக்கும் சாட்சி நான்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். மகனை வரவழைத்தார். ஓபி முடிந்த பிறகு ஒரு சின்ன அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். டாக்டர் எதையும் அறிவிக்கவில்லை. "உங்களுக்கு என்னன்னு தெரிஞ்சுக்கணுமா, இல்ல பையன்கிட்ட மட்டும் பேசினா போதுமா?" என்று அவரிடமே கேட்டார். "எனக்குத் தெரியும் டாக்டர். எவ்வளவு நாள்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார் நெசவாளர். மனைவி அப்போதுதான் வாய்விட்டு அழுதார். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் வெளியே வந்த விஷயங்களைக் கேளுங்கள். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கிறது, அது எவ்வளவு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தறியில் பாதியில் நிற்கும் பாவு நூலை யாரிடம் ஒப்படைப்பது? வீட்டுப் பத்திரம் அடகில் இருக்கிறது, ரசீதை எங்கே வைத்திருக்கிறார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இதையெல்லாம் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டு அவர் தூங்காமல் கிடந்திருக்கிறார். சொல்லவும் முடியாது, ஏனென்றால் சொன்னால் தனக்குத் தெரியும் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். நோயை மறைத்ததில் அவருக்குக் கிடைத்தது நிம்மதி இல்லை. தன் வீட்டுக் காரியத்தைத் தானே முடித்துவிட்டுப் போகிற உரிமைதான் பறிபோயிருந்தது.

அன்று ராத்திரி, அதுவரை போட்ட அதே வலி மருந்தில், அவர் கொஞ்சம் நன்றாகத் தூங்கினார்.

இதை இங்கிலாந்தில் ஒரு பெண்மணி ரொம்ப முன்பே புரிந்துகொண்டார். சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ். முதுகு வலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனையில் சமூகப் பணியாளர் ஆனார், அப்புறம் டாக்டருக்கும் படித்தார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். சாகப்போகிறவர்களுக்கான பராமரிப்பு இன்று உலகம் முழுக்க இருக்கிற வடிவத்துக்கு அதுதான் தொடக்கம். ஒரு நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்டபோது, முதுகில்தான் ஆரம்பித்தது, இப்போது என் முழு உடம்புமே சரியில்லாதது மாதிரி இருக்கிறது என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலை வைத்துத்தான் அவர் முழு வலி என்பதைப் பற்றிப் பேசினார். உடம்பின் வலி, மனதின் வலி, குடும்பமும் கடனும் வேலையும் தரும் வலி, எனக்கு ஏன் இது என்று கேட்கிற உயிரின் வலி. நான்கும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும், ஒன்றைத் தொடாமல் மற்றதைக் குறைக்க முடியாது என்றார். அவர் மூன்று வேலைகளையும் பார்த்தவர் என்பதால்தான் இது அவருக்குத் தெரிந்தது என்று எனக்குத் தோன்றும். நாங்கள் ஆளுக்கு ஒன்றை மட்டும் பார்க்கிறோம்.

அதற்காக உடம்பின் வலியை ஆறுதல் பேச்சால் தீர்த்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மார்ஃபின் தேவைப்படும் இடத்தில் மார்ஃபின்தான் வேண்டும். நம் நாட்டில் அபினிச் செடியை அரசு உரிமத்தோடு பயிர் செய்து ஏற்றுமதி செய்கிறோம். ஆனால் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமென்றால் பல இடங்களில் உரிமம் கேட்டு அலைய வேண்டியிருந்தது. பெரும்பாலான மருத்துவமனைகள் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் விடாமல் போராடி, 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இடையில் வலியோடு போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். அந்தக் காலத்தில் படித்துவிட்டு வந்த டாக்டர்களில் பலர் மார்ஃபின் மாத்திரையை எழுதிப் பழகவே இல்லை.

இன்றும் மார்ஃபின் என்றதும் குடும்பத்தார் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "அது கொடுத்தா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமா சிஸ்டர்?" இல்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரி தூங்கப் போகும்போது மட்டும் இரட்டிப்பு அளவு, நடுவில் எழுப்பி மாத்திரை கொடுக்க வேண்டியிருக்காது. மலச்சிக்கல் வரும், அதற்கு முதல் நாளிலிருந்தே இன்னொரு மாத்திரை. டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் மூச்சு நின்றுவிடாது, சீக்கிரம் செத்துப்போகவும் மாட்டார்கள். வலி குறைந்தபின் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் மறைப்பு குறுக்கே நிற்கிறது. அல்சர் என்று சொல்லி வைத்தவருக்கு இந்த மாத்திரை எதற்கு என்று எப்படி விளக்குவது? அதனாலேயே தள்ளிப் போடுகிறார்கள்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி இல்லை. ஒரு பாட்டி இருந்தார். டாக்டர் பேச ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி, "சாமி, அதெல்லாம் எம்மவன்கிட்ட சொல்லிக்க. எனக்கு வலிக்காமப் பாத்துக்க, போதும்" என்று முடித்துவிட்டார். அதுவும் அவருடைய முடிவுதான், நாங்கள் மதித்தோம். நெசவாளருக்கும் பாட்டிக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம்தான். பாட்டியிடம் ஒருவர் கேட்டார், நெசவாளரிடம் அந்த ராத்திரிவரை யாரும் கேட்கவில்லை.

கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. ராபர்ட் பக்மன், வால்டர் பெய்ல் என்ற டாக்டர்களும் கூட இருந்தவர்களும் 2000இல் எழுதி வைத்த ஆறு படிகள் அவை. தனியான இடத்தில் உட்கார், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கே வர வேண்டும். அப்புறம் அவருடைய அழுகைக்கும் கோபத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது கடைசி. பாதி வேலை கேட்பதுதான் என்பதைப் பார்த்தீர்களா? எங்கள் ஓபியில் ஒரு டாக்டருக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேட்பதற்கு நேரம் எங்கே இருக்கிறது என்று. நாற்காலிகூட இல்லாத அறைகளில், கதவு திறந்திருக்க, பின்னால் அடுத்தவர் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்க, ஒருவருடைய வாழ்க்கை மாறுகிற செய்தி சொல்லப்படுகிறது. டாக்டர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதால் இல்லை. இடமும் நேரமும் கொடுத்தால் நன்றாகப் பேசக்கூடியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது எங்களைப் பற்றி.

வார்டில் ஒருவர் இறந்தால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். டூட்டி டாக்டர் வந்து பார்ப்பார். ஊசிகளை எடுத்து, உடம்பைத் துடைத்து, கட்டு கட்டி அனுப்புவோம். ரிஜிஸ்டரில் எழுதுவோம். மெத்தையைத் துடைத்து விரிப்பு மாற்றுவோம். அன்றைக்கே அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிடுவார். ஷிஃப்ட் மாறும்போது, "14ஆம் பெட் எக்ஸ்பயர், புது அட்மிஷன் போட்டாச்சு" என்று ஒப்படைப்போம். அந்த 14ஆம் பெட்காரரின் பேத்தி பத்தாவதில் எத்தனை மார்க் வாங்கினாள் என்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல்ல ஒப்படைப்பு நோட்டில் கட்டம் கிடையாது. வீட்டுக்குப் போய் இட்லிக்கு மாவு கரைக்கும்போது திடீரென்று அழுகை வரும். பிள்ளைகள் என்னம்மா என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இந்தக் களைப்பை அளக்க 1981இல் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். மனம் வற்றிப்போவது ஒன்று. எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் நம்பராகப் பார்க்கத் தொடங்குவது இன்னொன்று. நான் செய்வதால் என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம் மூன்றாவது. உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் தன் பட்டியலில் இதை வேலையிடத்தால் வரும் நிலை என்று சேர்த்தது. வேலையிடத்தால் என்ற சொல்லைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். எரிந்து விழும் நர்ஸைப் பார்த்தால், இந்த அம்மாவுக்கு மனசாட்சியே இல்லை என்று நோயாளியின் வீட்டார் நினைப்பார்கள். அந்த அம்மா அன்று எத்தனை கட்டில்களைப் பார்த்தார், இரட்டை டூட்டியா, அவருடைய வேலை நிரந்தரமா ஒப்பந்தமா, இதையும் கேட்டால்தான் பதில் கிடைக்கும். ஒப்பந்தச் செவிலியர்கள் நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்து போராடியதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் இன்னொருவருடைய பயத்தையும் சேர்த்துத் தாங்கச் சொல்கிறோம்.

இதன் மேல்தான் பொய்யின் பாரமும் ஏறுகிறது. நோயாளி கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தும் "டாக்டர்கிட்ட கேளுங்க" என்று நழுவ வேண்டும். நழுவி நழுவி, கடைசியில் அந்தக் கட்டில் பக்கம் போவதையே குறைத்துக்கொள்வோம். ஊசி போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுவோம். நோயாளி அதையும் கவனிப்பார். தன்னைப் பார்த்தால் எல்லோரும் ஓடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் மிகவும் சோர்வு தருவது சாவு அல்ல, இந்தக் கண்ணாமூச்சி விளையாட்டுதான். உண்மை பேசப்பட்ட குடும்பத்தில் ஒருவர் இறந்தால் எனக்கு அழுகை வரும், ஆனால் அடுத்த நாள் வேலைக்கு வரக் கால் தயங்காது.

பாஸ்டனில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். 1994இல் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது, 1995இல் இறந்துவிட்டார். நடுவில் அவர் எழுதிய அனுபவத்தில், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்குப் போன இடத்தில், கூட்ட நெரிசலுக்கு நடுவிலும் ஒரு நர்ஸ் தன் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதைச் சொல்லியிருக்கிறார். அவர் பெயரில் தொடங்கிய அமைப்பு 1997 முதல் மருத்துவமனைகளில் ஒரு கூட்டம் நடத்த ஆரம்பித்தது. டாக்டர், நர்ஸ், சுத்தம் செய்பவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டபோது தனக்குள் என்ன நடந்தது என்று பேசுவார்கள். எந்த மருந்தை மாற்றியிருக்கலாம் என்ற பேச்சு அங்கே கிடையாது. பிற்பாடு இங்கிலாந்திலும் நிறைய இடங்களில் இது வந்தது.

எங்கள் வார்டில் இதைப் பார்த்து, ரொம்பச் சின்ன அளவில் ஒன்றைத் தொடங்கினோம். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, டீ வாங்கி வைத்துக்கொண்டு, இறந்தவர்களைப் பெயர் சொல்லிப் பேசுவோம். கட்டில் நம்பர் சொல்லக் கூடாது, அது ஒன்றுதான் விதி. முதல் தடவை வார்டு ஆயாம்மாதான் எல்லோரையும்விட அதிகம் பேசினார். ராத்திரியில் நோயாளிகள் மனம் விட்டுப் பேசுவது பெரும்பாலும் அவரிடம்தான் என்பது எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இதற்கு அரசாணையும் கிடையாது, நிதியும் கிடையாது. ஒரு டாக்டருக்கு ஆர்வம் இருப்பதால் நடக்கிறது. அவருக்கு மாறுதல் வந்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. இது ஒருவருடைய நல்ல மனதை நம்பி நடக்கக் கூடாது, டூட்டி நேரத்துக்குள்ளேயே வர வேண்டும் என்று எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் கேட்பீர்கள். சொல்வதில் ஆரம்பிக்காதீர்கள். டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் உங்ககிட்ட என்னப்பா சொன்னாரு?" என்று கேளுங்கள். "எல்லாம் நீயே பாத்துக்க" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட்டு, சில நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். மனசு மாறும். "புத்துநோயாடா?" என்று அவரே கேட்டால், "ஆமாப்பா" என்று சொல்லுங்கள். உடனே ஆறுதல் சொல்லி அந்த இடத்தை நிரப்ப வேண்டாம், அவர் பேசட்டும். சரியாகிவிடும் என்று தெரியாத இடத்தில் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள். "வலி இல்லாமப் பாத்துக்கறோம், தனியா விட மாட்டோம்" என்று சொல்லலாம். அப்படிச் சொல்வதற்கு முன்பே அதற்கான ஏற்பாட்டைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும், அதாவது வலியையும் தொல்லைகளையும் குறைக்கிற பராமரிப்பும், உண்டு, நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, குழாய்களைக் கவனிப்பது எல்லாம் செய்வார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள், விவரம் தெரியாவிட்டால் 104ஐ அழையுங்கள். பார்த்துக்கொள்கிற உங்களுக்கே தூக்கம் போய், யாரிடம் பேசுவது என்று தெரியாமல் இருந்தால் 14416 மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள்.